மூன்றாவது வரிக்கு ஒரு சிரிப்பு

சிரிப்பது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து தையலக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது வரிசை, இடது ஓரம். இருபத்தைந்து வருடமாக அது அவளுடைய இடம். பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, யாரோ ஓர் அதிகாரி ஓய்வு பெறுகிற கூட்டமோ, வீட்டுக்காரர் மேடையேறினால் அவள் அங்கே இருந்தாக வேண்டும். இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பெண்டாட்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள், கடைசியில் உட்கார்ந்தால் சத்தம் எட்டாது, நட்டநடுவில் உட்கார்ந்தால் ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டு அவளையே திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு கணக்கு.

மற்றபடி அவள் வேலை, மற்றவர்கள் வாங்கிய உடுப்பைச் சுருக்கியும் பிரித்தும் கொடுக்கிற கடையில். தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரருக்குப் பெயர் பெட்டி. இழுத்து மூடி வாசிக்கிற அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு சிரிப்புப் பாட்டுப் பாடுகிறவர். வாத்தியத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அதைப் பெட்டி என்றார்கள். பிறகு அவரையே பெட்டி என்றார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவருடைய பேர்போன பாட்டு குடைப் பாட்டு.

‘நான் குடை எடுத்துப் போனா அன்னிக்குப் பூரா வெயிலு,
நான் குடைய மறந்து போனா கொட்டித் தீக்கும் மழை,
மெத்தை காயப்போட எதுத்த வீட்டம்மா என் கையில குடையத் திணிக்குது!’

மூன்றாவது வரி முடிந்ததும் பெட்டியை அகல இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அங்கேதான் தையலக்கா சிரிக்க வேண்டும். தொண்டைக்குள் கொஞ்சம் உருண்டு, படியேறி, உச்சியில் ஒரு ‘கீச்’, பிறகு சரிந்து இறங்கும் அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டுப் பக்கத்து நாற்காலி சிரிக்கும், பின்வரிசை சிரிக்கும், மண்டபம் முழுக்கச் சிரிக்கும். தீக்குச்சி உரசுவது அவள் வேலை, எரிவது ஊர் வேலை.

முதல் பதினொரு வருடம் அவளுக்கு அது தானாக வந்தது. அந்த வரியை முந்நூறு தடவை கேட்டிருந்தும், அந்தப் பெரிய முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பதைப் பார்த்தால் அடக்க முடியாது. பிறகு ஒருநாள் வராமல் போயிற்று. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வராமல் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சிரிப்பை அளவெடுத்து, அதே மாதிரி ஒன்றைச் செய்து, மூன்றாவது வரிக்குத் தவறாமல் கொடுத்து வந்தாள். பதினாலு வருடம். அது இவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் மனுஷன் பெட்டியைத் தொட மாட்டார். அவளுக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

கொஞ்ச காலமாகவே அவரைக் கூப்பிடுவது குறைந்திருந்தது. கடைசியாகக் கூப்பிட்டது ஓர் அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் கூட்டம். குடைப் பாட்டின் நடுவே ஒருவர் மேடையேறி, “ஒரு நிமிஷம் சார்” என்று மைக்கைப் பிடுங்கி, வாசலை மறித்து நிற்கிற வண்டியின் நம்பரை வாசித்தார். அது அந்தக் கூட்டத்துத் தலைவருடைய வண்டி. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்குக் கேட்ட பெரிய சிரிப்பு அந்த நம்பருக்குத்தான்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பெண் மறுநாளே வீட்டுக்கு வந்தாள். கணக்கு டீச்சர்.

“உங்களப் பத்தி ஒரு படம் எடுக்கணும் சார். காமெடிப் படம்.”

“என்னப் பத்தியா? அப்ப காமெடிக்கு எங்கம்மா போவீங்க?” என்றார் பெட்டி.

அவள் சினிமாக் கம்பெனி ஆள் இல்லை. விடுமுறை நாட்களில், தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, தானே எழுதித் தானே எடுக்கிற படம். கேமரா பிடிக்கிறவர் பல் டாக்டர். ஒலிப்பதிவு செய்கிறவர், காது கேளாதவர்களின் கருவிகளைப் பழுது பார்க்கிறவர், அவரைக் காதுக்காரர் என்பார்கள். மொத்தப் பட்டாளமும் இந்த மூன்று பேர்தான். கதை என்று பெரிதாக இல்லை. பேர் மங்கிப்போன ஒரு பாட்டுக்காரர், விடாமல் பாடப் போகிறார், போகிற இடமெல்லாம் அடிபடுகிறார். எட்டு மாதம் எடுத்தார்கள். கடைசிக் காட்சி மட்டும் மிச்சம்.

“இதுவும் சரியா வரலேன்னா, பெட்டிய உறையில போட்டுட்டு நானும் உன் கடைக்கு வந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்” என்று அந்தக் காட்சி எடுக்கிற நாள் காலை சட்டை மாட்டும்போது பெட்டி சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கழுத்துப் பட்டனைப் போடும்போது அவர் தொண்டை ஏறி இறங்கியதை அவள் விரல் தொட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு தொழிலாளர் சங்கத்தின் மாடி மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். நாலு மணிக்குச் சங்கத்துக் கூட்டம், அதற்குள் காலி செய்துவிட வேண்டும். நாற்பது மடக்கு நாற்காலிகள். காட்சி இதுதான். பாட்டுக்காரர் மேடையேறுகிறார், ஒருத்தர்கூட வரவில்லை, காலி நாற்காலிகளுக்குப் பாடுகிறார்.

காதுக்காரர் வந்ததும் வராததுமாக மின்விசிறிகளை நிறுத்தினார். கீழே போய்ச் சங்கத்துக் குளிர்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தன் ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளே வைத்துவிட்டு வந்தார்.

“சாவிய எதுக்குத் தம்பி அதுக்குள்ள வைக்கறீங்க?” என்றாள் தையலக்கா.

“அது உறுமற சத்தம் மைக்குல விழுதுக்கா. நிறுத்திட்டு மறந்துபோய்ப் போயிட்டா உள்ள இருக்கறதெல்லாம் கெட்டுப்போகும். சாவி உள்ள இருந்தா வீட்டுக்குப் போகணும்னாத் திறந்துதானே ஆகணும்?”

அந்த மனுஷருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஓர் இடத்தில் காட்சி முடிந்ததும் எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்வார். ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வார். ஒவ்வோர் அறைக்கும் ஓர் அமைதி உண்டாம், ஒன்றை இன்னொன்றில் ஒட்டினால் தெரிந்துவிடுமாம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதே அறையின் அமைதி வேண்டுமாம். தையலக்காவுக்கு இது உடனே புரிந்தது. ஒட்டுப்போட அதே துணியில் ஒரு துண்டு எடுத்து வைப்பது மாதிரி.

வெளிச்சம் சரி பார்த்தாயிற்று. தையலக்கா பல் டாக்டருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் மாற்றுச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சத்தம் மட்டும் வேண்டாம்” என்றாள் டீச்சர்.

“நான் எதுக்கும்மா சத்தம் போடறேன்?”

பெட்டி பாட ஆரம்பித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி முடிந்து பெட்டி அகல விரிந்தது. ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது. தையலக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு உருண்டு, படியேறி, கீச்சென்று சரிந்தது.

“கட்!”

மண்டபமே அவளைப் பார்த்தது. அவளும் யார் சிரித்தது என்று பார்க்கிறவள் மாதிரி ஊசியோடு நிமிர்ந்தாள்.

“ஐயோ, மன்னிச்சுக்கம்மா. வாய் தானாத் திறந்துக்குச்சு.”

இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மூன்றாவது தடவை கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கி முக்காலி கிறீச்சிட்டது. உள்ளே ஒரு சந்தோஷமும் இல்லை, பாருங்கள். விக்கல் வருகிற மாதிரி அந்த இடம் வந்ததும் உடம்பு தானே சிரித்தது.

பல் டாக்டர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். “வேணும்னா நான் மயக்க ஊசி போடட்டுமாக்கா? வாய் ரெண்டு மணி நேரம் மரத்துக் கிடக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள், பெட்டியைத் தவிர. அவர் கைக்குட்டையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் சொன்னார். “அவ வெளியே இருக்கட்டும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் வா வா என்று இழுத்தவர், வெளியே இரு என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

வெளி நடையில்தான் காதுக்காரர் தன் கருவியோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் தன் பக்கத்தைத் தட்டி அவளுக்கு இடம் கொடுத்தார். இன்னொரு ஹெட்போனை நீட்டினார். “சும்மா உக்காந்தா போரடிக்கும், மாட்டிக்குங்க. இந்தத் துண்ட வாயில வச்சுக்குங்க. சிரிப்பு வந்தா நல்லாக் கடிங்க, துவைச்ச துண்டுதான்.”

கதவைச் சாத்தினார்கள். காதில் மாட்டியதும், அடேயப்பா, வீட்டுக்காரர் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். நாக்கு ஈரமாவது கேட்கிறது. பெட்டியின் தோல்வார் அசைவது கேட்கிறது. காலையில் அவள் போட்ட பட்டன் பெட்டியில் இடிக்கிற டிக் என்ற சத்தம்கூடக் கேட்கிறது.

டீச்சர் சொல்வது கேட்டது. “சார், மூணாவது வரிக்கு எப்பவும் நிறுத்துவீங்கல்ல, அப்படி நிறுத்துங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. அப்புறம் என்ன தோணுதோ செய்ங்க. நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.”

பாடினார். மூன்றாவது வரி வந்தது. தையலக்கா துண்டைக் கடித்தாள். வழக்கமான குலுக்கல் வயிற்றிலிருந்து வந்து பல்லில் மோதித் திரும்பியது.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. காத்திருக்கிறார். அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. சிரிப்பு இல்லாமல் அடுத்த வரிக்குப் போகத் தெரியாத மனுஷன். ஆற்றின் நடுவில் கல் இல்லாத இடத்தில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே என்று பதறினாள். எழுந்து கதவைத் திறந்து ஒரு சிரிப்பைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது அவர் பேசினார். மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

“அதோ, மூணாவது வரிசை, இடது ஓரம். அங்க ஒருத்தங்க உக்காருவாங்க. இந்த வரிக்கு அவங்கதான் மொதல்ல சிரிப்பாங்க. இன்னிக்கு வரல.”

பெட்டியை லேசாகத் தட்டிவிட்டுச் சொன்னார். “நான் எல்லார் சிரிப்பையும் இந்தப் பெட்டியில வாசிப்பேன். மேலதிகாரி சிரிச்சப்புறம் சிரிக்கிற குமாஸ்தா. பல்லுக்கட்டு விழுந்துடுமோன்னு சிரிக்கிற பெரியவர். இவங்க சிரிப்ப மட்டும் வாசிச்சதில்ல.”

உண்மைதான். கல்யாணமான புதிதில், ‘என் சிரிப்ப வாசிங்களேன்’ என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ‘அது மட்டும் பெட்டியில வராது போ’ என்பார்.

“இது மொதல்ல இருந்த சிரிப்பு.”

வாசித்தார். தாழ்ந்த சுரத்தில் கொஞ்சம் உருண்டு, படியேறி, உச்சியில் கீச்சென்று, பிறகு அவசரமில்லாமல் சரிந்து, கடைசியில் பெட்டி ஒரு நீண்ட மூச்சு விட்டது. தையலக்காவுக்கு முகம் சூடாயிற்று. இருபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி சிரிப்பது காதுக்குள்ளே கேட்டது. அவளை இவளுக்குத் தெரியும், பார்த்துத்தான் வெகுநாள் ஆயிற்று.

“இது அப்புறம் வந்த சிரிப்பு.”

அதே சுரங்கள், அதே படி, அதே கீச். ஒன்றும் பிசகவில்லை. முடிவில் மட்டும், வேலை முடிந்த ஆள் நாற்காலியில் சாய்கிற மாதிரி, ‘ஹூம்’ என்று ஓர் அலுப்பு.

“வித்தியாசம் தெரியுதா? எனக்குத் தெரியும். பதினாலு வருஷமாத் தெரியும். என் பாட்டு அவங்களுக்கு அலுத்துப்போச்சு. பாவம், அதச் சொல்லாமச் சிரிச்சாங்க. நான் அத நெஜம்னு நம்பற மாதிரி நடிச்சேன். ரெண்டு பேருமே நடிச்சோம், எனக்கு மட்டும்தான் கைதட்டு கெடைச்சுது.”

காதுக்காரர் கருவியின் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அவள் வாயில் துண்டு இன்னும் இருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது துண்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

பதினாலு வருடம் அவள் எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ, அது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதைவிடப் பெரிது வேறொன்று. தெரிந்ததும் தப்பாகத் தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் ஒரு லாரி, வாசலுக்கே வந்து நின்ற மாதிரி, நீளமாக ஹாரன் அடித்தது. காதுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவைத் திறந்து, “ஹாரன் சார் குரல் மேலேயே விழுந்துடுச்சு டீச்சர். பிரிச்சு எடுக்க முடியாது” என்றார்.

இன்னொரு தடவை என்று டீச்சர் இப்போது எந்த முகத்தோடு கேட்பாள்? மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பெட்டி மேடையில் தோல்வாரைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

“விட்டுடுங்க டீச்சர். அது ஒரு தரம் வர்றதுதான். மறுபடி வராது.”

அப்போதுதான் வாசலில் நின்ற அவளையும், அவள் கழுத்தில் தொங்கிய ஹெட்போனையும் பார்த்தார். வாரின் கொக்கியில் அவர் விரல் நின்றுவிட்டது.

“நீ வீட்டுக்குப் போயிருப்பேன்னு...”

“எங்க போறது? வெளியே இருன்னீங்க, இருந்தேன்.”

தையலக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். ஓரம் கோணலாக இருக்கிற உடுப்பைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள்.

“ரெண்டாவது சிரிப்போட கடைசி தப்பு.”

“என்ன?”

“அலுத்து மூச்சு விடற மாதிரி வாசிச்சீங்க. நான் மூச்சே விடல. அடக்கிக்கிட்டேன்.”

அவர் விழித்தார்.

“அந்தத் தொழிற்சாலை விழா நெனவிருக்கா? நாலாயிரம் பேர். உங்களுக்கு மொதல் பெரிய மேடை. நான் ஆஸ்பத்திரிலருந்து வந்து அஞ்சு நாள். ‘நீ வந்து உக்காந்தா மட்டும் போதும்’னீங்க. வந்து உக்காந்தேன். மூணாவது வரி வந்துச்சு. சிரிச்சேன். வயித்துல போட்ட தையல் பிரிஞ்சிடும் போல இழுத்துச்சு. அப்படியே மூச்சப் பிடிச்சுக்கிட்டேன், விட்டா அழுதுடுவேன்னு. அப்புறம் ஒவ்வொரு மேடையிலயும் அந்த இடம் வந்தா அதே மாதிரி பிடிச்சுக்கும்.” நிறுத்தினாள். “பாட்டு அலுக்கலங்க. அந்தக் கொழந்தையப் பத்தி நாம ஒரு நாள்கூடப் பேசல.”

எட்டாவது மாதத்தில் பிறந்து ஒரு சத்தமும் போடாமல் போன பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வண்டியில் அவர் ஏதோ நகைச்சுவை சொன்னார், அவள் ஜன்னலைப் பார்த்தாள். அதோடு முடிந்தது. பெயர்கூட வைக்கவில்லை.

மேடையில் அவர் உட்கார்ந்துவிட்டார். பெட்டி மடியில் இருந்தது. பெரிய முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. மேடைக்காக வைத்திருந்த முகங்களில் எதுவும் இந்த இடத்துக்கு உதவாது போலிருக்கிறது.

“நான் ஏன் உன்னக் கூப்பிட்டேன் அன்னிக்கு?” என்றார் கடைசியில்.

“அத என்னக் கேட்டா?”

“பயம். நீ இல்லாம யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு பயம்.”

“எனக்கு உங்க மேல கோவம் இருக்கு” என்றாள் அவள். “இத்தனை வருஷம் இருந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது.”

“சரி” என்றார் அவர். நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பல் டாக்டர் கேமராவை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

தையலக்கா திரும்பினாள். “எடும்மா டீச்சர். மணியாகுது.”

“அக்கா, வேண்டாம். இதப் போய்...”

“தப்பா வாசிச்சது படத்துல இருக்கக் கூடாது. எடு.” வீட்டுக்காரரிடம் சொன்னாள். “மூச்ச உள்ளயே பிடிச்சுக்குங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அடுத்த வரி நீங்க ஆரம்பிக்கற வரைக்கும். அவ்வளவு நேரம்தான் நான் பிடிச்சுக்குவேன்.”

இந்த முறை அவள் வெளியே போகவில்லை. மூன்றாவது வரிசைக்கும் போகவில்லை. அந்த நாற்காலி காலியாக இருக்க வேண்டும், காட்சி அப்படி. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். திறந்த கதவு வழியே காதுக்காரர் துண்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் பாடினார். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது. பெட்டி விரிந்தது. தையலக்காவின் உடம்பு சும்மா இருந்தது. குலுக்கல் வரவில்லை.

காலி நாற்காலியைப் பார்த்து அதே வார்த்தைகளைச் சொன்னார். முதல் சிரிப்பை வாசித்தார். இரண்டாவது சிரிப்பை வாசித்தார். உருண்டது, ஏறியது, கீச்சென்றது, சரிந்தது. சரிந்து முடிகிற இடத்தில் பெட்டியை முழுக்க இழுத்து, விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. மடிப்பு மடிப்பாக விரிந்த பெட்டிக்குள் காற்று நின்றது.

அலுத்துப்போச்சு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. கைதட்டு என்றும் சொல்லவில்லை. அடுத்த வரியையும் ஆரம்பிக்கவில்லை. முடிகிறவரை பிடித்திருந்தார். அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுரம் எதுவும் பேசாமல் காற்று மட்டும் வெளியேறும், வாசித்து முடித்துப் பெட்டியை மூடுவதற்காக. அதை அழுத்தினார். பதினாலு வருடக் காற்று மெதுவாக, மெதுவாக வெளியே வந்தது. பெட்டி மூடிக்கொண்டது. கொக்கியை மாட்டினார்.

டீச்சர் ‘கட்’ என்று சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

“வந்துடுச்சா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். காதுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு வழக்கம்போலச் சொன்னார். “ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க. இந்த அறையோட அமைதி வேணும்.”

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். மேடையில் அவர், கதவோரம் அவள், நடுவே நாற்பது நாற்காலிகள். பேசக் கூடாது, நகரக் கூடாது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வீட்டில் இப்படி ஒரு நிமிடம் இருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கு வைக்க முடியாது.

காதுக்காரர் ஹெட்போனை அழுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார். கருவியை நிறுத்தினார்.

“யாரோ பலமா மூச்சு விடறாங்க.”

“நான்தான் தம்பி” என்றாள் தையலக்கா.

“ஒரே ஒரு நிமிஷம் அடக்கிக்குங்கக்கா.”

“முடியாதுப்பா. இப்படியே எடுத்துக்குங்க.”

காதுக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தாள். கருவி மறுபடி ஓடியது. தையலக்கா சுவரில் சாய்ந்தபடி, ஒன்றையும் பிடித்து வைக்காமல், ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் சங்கத்துக்காரர்களின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அந்த மண்டபத்தில் வேறு சத்தம் இல்லை.